இரவல் பேசரியும் என் கப்பல் புஸ்தகமும்

கப்பலில் வேலை செய்த பொம்பளை என்றால் இப்போதுள்ள பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே எத்தனையோ பேருக்கு வாந்திச் சட்டி ஏந்தியவள் நான். மேல் தளத்தில் பாய் விரித்து வரும் பெண்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை அது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

1. படம் எடுத்தது

என் புருஷன் ரங்கூன் போனவன், போனவன்தான். அக்கரையில் நிபோங் திபால் தோட்டத்தில் இருந்த அண்ணன், பினாங்கில் தனியாக நின்ற என்னை அழைத்துப் போக வந்துவிட்டார். போனால் அண்ணியின் அடுப்படியில் காலத்துக்கும் பானை கழுவ வேண்டியதுதான். அதே வாரம் கப்பல் பட்லர் ஒருவர், அவர்களுடைய பழைய ஆயா கரையோடு நின்றுவிட்டதாகவும், நான் கப்பல் புஸ்தகத்தோடு வந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

அண்ணனிடம் சொன்னேன். "அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஃபெரிக்கு நான் ஜெட்டியில நிப்பேன். புஸ்தகம் கையில இருந்தா நீ கப்பலுக்குப் போ. இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு என்னோட வந்துடணும்" என்றார்.

கப்பல் புஸ்தகம் என்பது உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எந்தக் கப்பலில் ஏறினாய், எங்கே இறங்கினாய், நடத்தை எப்படி என்று எழுதி முத்திரை அடிப்பார்கள். அது இல்லாமல் ஒரு கப்பலிலும் கால் வைக்க முடியாது. அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும், அம்மை குத்திய தழும்பு வேண்டும், படம் ஒன்று வேண்டும். டாக்டர் என் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சீட்டுக் கொடுத்தார். படத்தில்தான் என் புத்தி வேலை செய்தது.

வாழ்க்கையில் முதல் படம். சும்மா மூஞ்சியோடு போக மனம் வருமா? ஆயர் ஈத்தாமில் மாடு வைத்துப் பால் ஊற்றிய ரெங்கம்மா அக்காவிடம் போய் நின்றேன். பட்டுப்புடவை, ஜிமிக்கி, அட்டிகை, கடைசியாக மூக்கில் இருந்த ஏழுகல் பேசரியையும் கழற்றிக் கொடுத்தாள். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டேன். சீனன் ஸ்டூடியோவில் அரண்மனை எழுதிய திரைக்கு முன்னால், பூஜாடியில் கை வைத்து நின்றேன். "ஜாங்கான் கெராக்!" என்று அசையாதிருக்கச் சொல்லிக் கத்தினான். நான் மூச்சே விடவில்லை. அன்று சாயங்காலமே நகையை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது மட்டும் எனக்கு நல்ல பழக்கம்.

2. துரைக்கு முன்னால்

சனிக்கிழமை காலை துறைமுக ஆபீஸில் மாலுமிகளின் வரிசையில் நான் ஒருத்திதான் பொம்பளை. பெரிய மேசையில் வெள்ளைக்காரத் துரை, பக்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. கிராணி நம் தமிழர். படத்தை வாங்கியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது எந்த ஊரு மகாராணிம்மா?"

"நான்தாங்க."

"அரண்மனை இருக்கு, ஜாடி இருக்கு. ஆளைக் காணோமே! மூஞ்சி மிளகு அளவு இருக்கு. துரைக்கு மூஞ்சி மட்டும்தான் வேணும்."

கத்தரிக்கோலை எடுத்தார். அரண்மனை கீழே விழுந்தது. ஜாடி விழுந்தது. பட்டுப்புடவையும் விழுந்தது. மிஞ்சியது பவுடரும் பேசரியும்தான். துரை அந்தத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இது வேற பொம்பளைன்னு சொல்றாரு. அடுத்தவ படத்தைக் கொண்டாந்துட்டியாம்" என்றார் கிராணி.

"ஐயோ, நான்தாங்க அது! பேசரி மட்டும்தான் இரவல்!"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கிராணிக்கு மனசு கொஞ்சம் இளகியது. "பன்னெண்டு மணிக்கு ஆபீஸைச் சாத்திடுவோம். அதுக்குள்ள அந்தப் பேசரியைப் போட்டுக்கிட்டு வந்து நில்லு, பாப்போம்லா."

டிராம் பிடித்து ஆயர் ஈத்தாம் ஓடினேன். ரெங்கம்மா அக்கா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே சொன்னேன்.

"போன வாரம் ஸ்டூடியோ, இந்த வாரம் ஆபீஸா? என் பேசரிதான்டி ஊரெல்லாம் சுத்துது. இன்னைக்கு நானும் வாரேன். அது தனியா எங்கயும் போகாது."

தவிட்டுக் கையைக் கழுவக்கூட விடாமல் இழுத்து வந்தேன். ஆபீஸ் கதவைச் சாத்தப் போகிற நேரம். துரைக்கு எதிரிலேயே அக்கா தன் மூக்கிலிருந்து கழற்றி என் மூக்கில் திருகினாள். தவிடு மூக்கில் ஏறி, துரையின் மேசை மேலேயே தும்மினேன். அவர் மைக்கூட்டை நகர்த்திவிட்டுப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"அங்க அடையாளம் சொல்லும்மா" என்றார் கிராணி.

"நாய் கடிச்ச தழும்பு இருக்குங்க."

"எங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

கிராணி துரையிடம் ஏதோ சொன்னார். துரை மறுபடியும் சிரித்துத் தலையசைத்தார். கிராணி எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார்: இடது மூக்கில் ஏழுகல் பேசரி.

முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் அக்கா கையை நீட்டினாள். பேசரி அவள் மூக்குக்குப் போனது, புஸ்தகம் என் மடிக்கு வந்தது. ஜெட்டியில் அண்ணன் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். ஓர் எழுத்தும் அவருக்குப் புரியவில்லை. முத்திரை புரிந்தது. "உங்க அண்ணிகிட்ட நான் என்னத்தைச் சொல்றது?" என்று முனகிக்கொண்டே தனியாக ஃபெரி ஏறினார்.

3. அதற்குப் பிறகு

பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். முதல் பயணம் முடிந்து புஸ்தகத்தில் முத்திரை வாங்கப் போனால், அதே கிராணி என் மூக்கைப் பார்த்தார். "அடையாளம் எங்கம்மா?"

அன்றிலிருந்து, கப்பல் பினாங்கு வரும் போதெல்லாம் ரெங்கம்மா அக்கா பால் தூக்கோடு ஆபீஸ் வாசலில் நிற்பாள். பேசரியைக் கழற்றி நீட்டி, "இந்தாடி, உன் மூஞ்சி" என்பாள். முத்திரை வாங்கித் திரும்பினால், "குடுடி என் மூக்கை" என்பாள். புதுப் படம் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கிராணி எத்தனையோ முறை சொன்னார். அந்தப் படத்தில் நான் அழகாக இருந்தேன். மாற்றவில்லை.

கப்பல் வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சொல்கிறேன். படம் எடுக்கும் நாளில் சொந்த மூக்கோடு போங்கள். இரவல் மூக்கோடு போனால், அதன் சொந்தக்காரி நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சாமி கும்பிட வேண்டும். நான் ஒவ்வொரு பயணத்திலும் கும்பிட்டேன். அவள் இருந்தாள்.