மாவுக்குப் போட்ட கோட்டு

கல்கத்தாவில் இப்படிக் குளிரும் என்று கும்பகோணத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகி பாலிகஞ்சுக்கு வந்த முதல் மார்கழியிலேயே தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. கரண்டிக் காம்பால் குடைந்துதான் தலைக்கு வைத்துக்கொண்டேன். பனிமலை எங்கேயோ இருக்கிறதாம். எனக்கு இதுவே போதும்.

தை பிறந்த அன்று பக்கத்து வீட்டு வங்காளத் திதி (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வெண்கலக் கிண்ணம் நிறையப் பிட்டே கொடுத்தாள். தேங்காயும் ஈச்ச வெல்லமும் பூரணம். நம் கொழுக்கட்டைக்குத் தங்கை. தின்று தீர்த்த பிறகுதான் வினை வந்தது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா? இட்லி வார்த்துக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். இட்லியைக் கண்ணால்கூடக் காணாதவள் அவள். எங்கள் ஊர் மானமே அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

அரைத்த மாவோ வைத்தது வைத்தபடி கிடந்தது. அடுப்போரம் வைத்தேன், வெயிலில் வைத்தேன், திட்டியும் பார்த்தேன். புளிக்கவில்லை. திதி மாடியில் துணி உலர்த்த வந்தாலே உள்ளே ஓடி ஒளிந்தேன். கிண்ணத்தை அமுக்கிக்கொண்டாள் என்று நினைத்துவிடுவாளோ என்று அழுகையே வந்தது.

மறுபடி அரைத்து வைத்த அன்று, ஆபீசுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வீட்டில் இருந்த ஒரே கம்பளி, கோட்டாக அவர் மேல் இருந்தது. கம்பளிக்கு விழுப்பு, தீட்டு எதுவும் கிடையாது. சமையலறைக்குள் தாராளமாக வரலாம்.

“ஏன்னா, அந்தக் கோட்டைக் கழட்டுங்கோ.”

“எதுக்குடி?”

“மாவுக்குக் குளிர்றது.”

“எனக்குக் குளிராதா?”

“நீங்க பொங்கி வர வேண்டாமே!”

அவர் பொங்கத்தான் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு போனார். நான் பானைக்குக் கோட்டை மாட்டி, பொத்தான் போட்டு, கைகளை முன்னால் முடிந்து வைத்தேன்.

மறுநாள் காலை மாவு பானையைத் தாண்டி, கோட்டின் வலது கைக்குள் இறங்கியிருந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சுடச்சுட இட்லியோடு கிண்ணம் திதி வீட்டுக்குப் போயிற்று. துடைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனார். பக்கத்து நாற்காலிக்காரர் நாள் முழுக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருந்தாராம்.

சாயங்காலம் அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. திதிதான். வாயெல்லாம் பல். கையில் அதே கிண்ணம், வழிய வழியப் பிட்டே.

வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர் ஒரு தும்மல் போட்டுவிட்டு, நான் கேட்காமலேயே பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.