மூன்றாவது பன்றியை நான் விட்டுக்கொடுக்கவில்லை

சபையாரே, ஒரே வருஷத்துக்குள் என் இரண்டு தாய்ப்பன்றிகள் செத்தன. இரண்டும் ஒரே விதமாகச் செத்தன. குட்டி போட்ட மறுநாள் தீனியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது, மடி கல்லாய் இறுகியது, பின்புறம் நாற்றமெடுத்த நீர் வடிந்தது. பாலில்லாமல் குட்டிகள் கத்திக் கத்திச் செத்தன. பிறகு தாயும் போனது.

என் பெயர் ஞானம்மாள். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். புருஷன் மலைக்காய்ச்சலில் இறந்ததும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு மகள்களோடும் மூன்று பன்றிகளோடும் மலையடிவாரத்து வித்துராவுக்கு வந்தேன். சந்தையில் குட்டி விற்றுத்தான் கஞ்சி குடித்தோம். யுத்தம் தொடங்கி அரிசிக்குத் திண்டாடிய காலம். மிச்சமிருந்த ஒரே பன்றி அப்போது சினையாக இருந்தது. அதுவும் போனால், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மறுபடி மலையேற வேண்டியதுதான்.

சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். "ஞானம்மா, பிசாசு புகுந்த பிராணி அது. கர்த்தருக்குப் பிடிக்கல்லை. மிச்சம் இருக்கதையும் வித்துப்போடு" என்றார்.

அவர் போனபின் கொட்டிலுக்குள் நின்றுகொண்டே ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை. அழவுமில்லை. கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, இதையும் நீர்தான் படைத்தீர். இது ஏன் சாகிறது என்று சொல்லும். சொல்லாமல் நான் உம்மை விடமாட்டேன்" என்றேன். தினமும் காலையில் அதையே கேட்டேன். ஆறுதல் கேட்கவில்லை. காரணம் கேட்டேன்.

பதில் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. சர்க்கார் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்திருந்தாள். மலையாளப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவு கழுவணுமா நர்ஸம்மா?"

"கழுவாத கையாலதான் சேச்சி, பெத்தவளுக்கு மூணாம் நாள் ஜ்வரம் வரும். உள்ளே அழுகும், பால் வற்றும். எத்ர பேர் அப்படிப் போயாச்சு, அறியாமோ?"

என் கைகளைப் பார்த்தேன். சாணி அள்ளிய கையை அப்படியே உள்ளே விட்டுத்தான் இரண்டு பன்றிகளுக்கும் குட்டியை இழுத்திருந்தேன்.

"பன்னிக்கும் அப்படி வருமா?"

அவள் சிரிக்கவில்லை. "பின்னே, அதுக்குக் கர்ப்பப்பை மாத்ரம் இரும்பிலயா செஞ்சிருக்கு?"

ஆண்டவரிடம் ஏன் என்று கேட்டேன். உன் கை என்று பதில் வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் விழுந்து கிடக்கவுமில்லை. கொன்ற கையே காப்பாற்றட்டும் என்று எழுந்தேன்.

பிரசவம் முடிந்ததும் நர்ஸைக் கொட்டிலுக்குக் கூட்டிவந்தேன். "பன்னி வைத்தியம் எனக்கு அறியில்லை. பெண்ணுங்களுக்குச் சொல்றதைச் சொல்றேன், கேட்டோ" என்று சொன்னாள். படுத்தே கிடக்கவிடாதே, நடக்கவிடு. மலம் இறுகவிடாதே. தண்ணீர் நிறையக் கொடு. படுக்கிற இடம் சுத்தமாக இருக்கட்டும்.

பழைய வைக்கோலை எரித்தேன். தரையைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவிட்டேன். கடைசி நாட்களில் மரச்சீனிக் கிழங்கைக் குறைத்துத் தவிட்டுக் கஞ்சியும் கீரையும் கொடுத்தேன். தினமும் ஆற்றங்கரை வரை நடத்தினேன். வழியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நடந்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை மணி அடிக்கும்போது வலி கண்டது. நான் கோயிலுக்குப் போகவில்லை. வெந்நீரும் சோப்பும் கொண்டு பன்றியின் மடியையும் பின்புறத்தையும் கழுவினேன். என் கையையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். ஐந்து குட்டிகள் வந்தன. பிறகு நின்றுவிட்டது. கையை உள்ளே விட்டு இழுக்கச் சொல்லி விரல் துடித்தது. விடவில்லை. பன்றியை எழுப்பி இரண்டு சுற்று நடத்தி, மறுபக்கம் படுக்கவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மூப்பர் வேலியோரம் வந்து நின்றார். "கர்த்தருடைய நாள்ல பன்னிச் சாணியிலயா நிக்க?"

"ஐயா, நான் கேட்டதுக்கு அவரு பதில் சொல்லிட்டாரு. அதைச் செய்யாம அங்க வந்து பாடினா அவருக்குக் கேக்குமா? நீங்க போங்க. இது முடியாம நான் வரமாட்டேன்."

ஆறாவது குட்டி வந்தது. மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் உடனே மடியில் விட்டேன். நஞ்சுக்கொடி முழுக்க விழுந்ததா என்று விரித்துப் பார்த்த பிறகே புதைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பயந்துகொண்டேதான் கொட்டிலைத் திறந்தேன். பன்றி எழுந்து வந்து தொட்டிக்குள் மூக்கை விட்டது. மடியைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. பால் கசிந்தது. அங்கேயே, அந்தத் தரையிலேயே முழங்கால் போட்டேன். அப்போதுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு என் கொட்டிலில் பிரசவக் காய்ச்சலுக்கு ஒரு பன்றியையும் நான் கொடுக்கவில்லை. இப்போது பன்றி குட்டி போடும்போது மலைமேலிருந்தும் ஆள்விட்டு என்னை அழைக்கிறார்கள். மூப்பர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கோயிலில் என் பக்கத்தில் உட்காரச் சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். நான் இடம் மாறவில்லை, மாறப்போவதும் இல்லை.

எல்லா ஸ்தோத்திரமும் அவருக்கே. உங்கள் வீட்டில் எது செத்துக்கொண்டிருந்தாலும், விதி என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் ஏன் என்று கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள், அவர் தாங்குவார். வருகிற பதில் உங்கள் குற்றத்தையே காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எழுந்து வேலையைத் தொடங்குங்கள். அவர் கூடவே நிற்பார். என்னோடு நின்றார்.