சமாதானம் சொல்லும் நேரம்

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பூசையில் சமாதானம் சொல்ல யாரும் கைகுலுக்குவதில்லை. பூசை வைக்கும் சுவாமியின் கையால் நன்மை அப்பம் வாங்கப் போவதற்குச் சற்று முன்பு, நின்ற இடத்திலேயே கைகூப்பி, வலப்பக்கம் நிற்பவருக்கும் இடப்பக்கம் நிற்பவருக்கும் தலையைத் தாழ்த்துவோம். அவ்வளவுதான். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, வாரம் முழுவதிலும் எனக்குப் பிடிக்காத நேரம் அதுவாகத்தான் இருந்தது.

சுனாமியில் அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, கரையோரத்து வளவை விட்டு வாவிப் பக்கமாக, தன்னாமுனைக்குக் கிட்ட வந்து குடியேறினோம். பக்கத்து வீட்டு மாமியின் புருஷனும் அதே காலையில்தான் போனார். முகாமில் அம்மாவும் மாமியும் ஒரே தறப்பாளின் கீழ் படுத்தவர்கள். ஒரு சட்டியில் சமைத்து, இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தவர்கள். மாமிக்கு ஒரே மகன். அவனும் அண்ணனும் ஒரு தோணியில் இறால் வலைக்குப் போவார்கள்.

பிறகு ஒரு நாள் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு நடந்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டு வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் ஒருவன் முகத்தில் சாக்கை மாட்டிக்கொண்டு இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. இப்படிப்பட்டவனை நாங்கள் தலையாட்டி என்போம். அவன் யாரைப் பார்த்துத் தலையை அசைக்கிறானோ அவரைத் தனியே பிரித்து ஏற்றுவார்கள். அண்ணனைப் பார்த்ததும் அசைத்தான்.

வேலியோரம் பெண்களோடு நின்ற எனக்கு அந்த முகம் தெரியவில்லை. ஜீப்பின் படியில் வைத்திருந்த கால் தெரிந்தது. றப்பர் செருப்பு. அறுந்த வாரை நீல நிற வலை நூலால் தைத்திருந்தான். செருப்பை வலை நூலால் தைப்பவன் வெளியூர்க்காரனாக இருக்க முடியாது. மாமியின் மகனிடம் அப்படியொரு செருப்பு இருந்தது. அன்று மைதானத்து வரிசையிலும் அவனை நான் காணவில்லை. ஏறாவூர் ஆலையில் வேலை, அங்கேயே தங்கிவிட்டான் என்றார் மாமி. கொஞ்ச நாளில் அவன் கட்டாருக்குப் போய்விட்டதாகக் கதை வந்தது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேதாகம வாசகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை, மறைக்கவில்லை. முன்னால் நின்றால் எல்லா முகமும் தெரியும். வசனங்களுக்கிடையே நிமிரும்போதெல்லாம் ஒவ்வொருவரின் கண்ணையும் அந்தச் சாக்கு ஓட்டைகளுக்குள் வைத்துப் பார்ப்பேன். ஊரே அப்படித்தான் இருந்தது. சமாதானம் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவன் யாரென்று யாருக்குத் தெரியும்?

அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் மாமியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். மாமி நிலத்தைப் பார்த்தபடி பதிலுக்குத் தலை தாழ்த்துவார். பைப்படியில் பெண்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பெத்த மகனைக் காட்டிக்கொடுத்தவன்ட தாயையே கும்பிடுறா, நாளைக்கு ஜீப்பையும் கும்பிடுவா என்றாள் ஒருத்தி, நான் குடத்தோடு நிற்பதைத் தெரிந்துகொண்டே.

அம்மாவின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. மாமியின் மகன் சொன்னால் அண்ணனை விடுவார்கள் என்று கணக்குப் போடுகிறாரோ? ஒரு நாள் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். செருப்பைப் பற்றியும் சொன்னேன்.

"உன்ட அண்ணன்ட செருப்பும் அந்த நூலாலதான் தைச்சிரிக்கி," என்றார் அம்மா. "நான்தான் தைச்சன்."

"அப்ப அவன் இல்லையா?"

"எனக்குத் தெரியா மகள். அவனாயும் இரிக்கலாம்."

"பிறகு என்னத்துக்கு அவக்குக் கும்பிடுறீங்க?"

அம்மா கையிலிருந்த இறாலை உரித்து முடித்துச் சட்டிக்குள் போட்டார்.

"முதல்ல நீ நினைக்கிற மாதிரித்தான் கும்பிட்டன். அவ மனம் இளகினா அண்ணன விட்டுருவாங்க எண்டு. மாசக்கணக்காப் போச்சு, ஒண்டும் நடக்கல்ல. விட்டுருவம் எண்டு ஒரு கிழமை கும்பிடாம நிண்டன். அண்டைக்கு நன்மை வாங்க ஏலாமப் போச்சு, காலே எழும்பல்ல. அந்தக் கிழமை முழுக்க நான் எப்படிக் கிடந்தன் எண்டு நீ பாத்தாய்தானே."

பார்த்திருந்தேன். காய்ச்சல் என்று நினைத்திருந்தேன்.

அப்பா போனபோது அம்மா கோயிலுக்குப் போனது, இருக்கிற பிள்ளைகளையாவது காப்பாற்று என்று கேட்க. அண்ணன் போனபோது, திருப்பித் தா என்று கேட்க. இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போகிறார். இதுதான் விசுவாசம் என்றால், நான் முன்னால் நின்று வாசித்ததெல்லாம் வேறு என்னவோ. அன்றைக்கு நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. படித்தவளுக்குத் தெரியாத ஒன்று, இறால் உரிக்கிறவருக்கு எப்படித் தெரிந்தது என்ற எரிச்சல்தான் இருந்தது.

யுத்தம் முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். பிடிபட்டவர்களின் பெயர்களை விசாரிக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, அம்மா பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனார். அந்த ஞாயிறு பூசைக்கு நான் தனியே போனேன். வாசகம் முடிந்து வந்தபோது, அம்மா வழக்கமாக நிற்கும் இடம்தான் காலியாக இருந்தது. பக்கத்தில் மாமி.

சமாதானம் சொல்லச் சொன்னார் சுவாமி. நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வளையல் அசைந்தது. மாமி என் பக்கம் திரும்பிக் கைகூப்பி நின்றார். முதல் தடவையாக நிலத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நான் தேடிய எதுவும் இல்லை. இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. பைப்படிப் பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா வந்திட்டாவா மகள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் இல்ல மாமி."

கைகூப்பினேன். தலையும் தாழ்ந்தது. உள்ளே எதுவும் இளகவில்லை. ஆனால் அம்மா சொன்ன கால் எழும்பாத நோய் எப்படி இருக்குமென்று, திரும்புவதற்கு முந்திய அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருந்தது.

நன்மை வாங்க வரிசை நகர்ந்தது. மாமி ஒதுங்கி என்னை முன்னால் போகச் சொன்னார். நான் போகவில்லை. அவரை முன்னால் விட்டுப் பின்னால் நின்றேன். என் முதுகை அவருக்குக் காட்ட மனம் வரவில்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போய், நன்மைக்கு நாக்கை நீட்டினேன்.