மாப்பிள்ளை கழற்றிய கலப்பை

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தப்பு செய்யவே மாட்டார். உப்பில்லாத குழம்பை அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் உப்பில்லாமல்தான் சாப்பிட வேண்டும். இந்த மரியாதையில் என் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. பொங்கலூர்த் தோட்டத்து வாசலில் என் கணவரின் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவார். முழங்கால் தேய்ந்து, எழுவதே பெரும்பாடான பிறகும் எழுந்துதான் நின்றார்.

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு டிராக்டரின் கிளட்சை மிதிக்க முடியவில்லை. எனக்கு அண்ணன் தம்பி இல்லை. ஆகவே மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த என் கணவர் ஞாயிறுதோறும் விவசாயியாக அவதாரம் எடுத்தார். இடுப்பில் உறை போட்ட செல்போன், காலில் ஷூ. வாரம் முழுக்க "அர்ஜென்ட், அர்ஜென்ட்" என்று கத்திப் பழகியவர். எதையும் பிடித்துத் தள்ளினால் நடந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

சித்திரையில் பாதிக் காட்டை உழுதுவிட்டுக் கலப்பையை அவரே கழற்றி வைத்தார். அது இரண்டு பக்கமும் திரும்பும் கலப்பை. டிராக்டரிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் இரண்டு ரப்பர் குழாய்கள்தான் அதைத் திருப்பும். எஞ்சினை அணைத்து, லிவரை முன்னும் பின்னும் ஆட்டி, குழாயில் இருக்கும் அழுத்தத்தை விட்ட பிறகுதான் அவற்றைப் பிடுங்க வேண்டும். இவர் எஞ்சின் ஓட ஓடவே பிடுங்கினார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். "நல்லாக் கழட்டீட்டீங்க மாப்ள" என்றார்.

அதன் பிறகு கலப்பை மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தது. புரட்டாசிக் கடைசியில்தான் மழை வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்ச் சேர்ந்தோம். மிச்சக் காட்டை அன்றே உழுது சோளம் விதைத்தாக வேண்டும். மறுநாள்வரை ஈரம் நிற்காது. போன வருடமும் காடு சும்மா கிடந்தது. "கோடவுன் கட்டக் கேக்கறாங்க கண்ணு" என்று அப்பா என்னிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். இந்த முறையும் விதைக்காவிட்டால் கொடுத்தே விடுவார் என்று எனக்குப் பயம்.

என் கணவர் குழாயை டிராக்டரில் மாட்டப் போனார். சித்திரையில் அழுத்தத்தோடு அடைபட்ட எண்ணெய், போக வழியில்லாமல் உள்ளேயே இறுகிக் கிடந்ததால் முனை நுழைய மறுத்தது. கையால் தள்ளினார். முழங்கால் கொடுத்துத் தள்ளினார். ஏற்றுமதியில் மிஞ்சிய வெள்ளை டிஷர்ட் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

"காப்பி குடிச்சுட்டுப் பாக்கலாமுங்களா மாப்ள?"

"இல்லீங்க மாமா, இப்பப் போயிரும்."

போகவில்லை. அப்பா வேப்பமரத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"லிவரக் கொஞ்சம் ஆட்டிப் பாத்தாலும் பாக்கலாம். நட்டை லேசா லூஸ் பண்ணுனாலும் பண்ணலாம்."

மரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. ஸ்பேனரை அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, அவருகிட்டயே சொல்லுங்க."

"மாப்பிள்ளைக்குத் தெரியாததா, கண்ணு."

"தெரியாதுங்கப்பா."

என் கணவருக்கு அது காதிலேயே விழவில்லையாம். குழாய் முனையில் இருக்கும் சின்னக் குண்டை அடித்து உள்ளே தள்ளினால் எண்ணெய் வெளியேறிவிடும் என்று கண்டுபிடித்திருந்தார். முனையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்கினார்.

அந்த முழங்காலோடு அப்பா எப்படிப் பாய்ந்தார் என்று எனக்குத் தெரியாது. ஓங்கிய கையில் படீரென்று ஒன்று வைத்தார். சுத்தியல் போய்ப் புழுதியில் விழுந்தது.

"அறிவிருக்குதா? எண்ணெய் ஊசியாட்டத் தோலுக்குள்ள போயிரும். கையையே எடுக்கோணும். கண்ணுல அடிச்சா என்ன பண்ணுவ?"

காப்பியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளைக்கு எதிரே கால் நீட்டி உட்காராத குடும்பம் எங்களுடையது. இதோ பைக்கை எடுத்துவிடுவார், காடு போயிற்று என்றே நினைத்தேன்.

அப்பாவும் மிரண்டுதான் போனார். ஆனால் ஆரம்பித்ததை முடிக்காமல் விட அவருக்குத் தெரியாது.

"சட்டையக் கழட்டுங்க, துணி வேணும்."

கழற்றிக் கொடுத்தார். கலப்பை தரையில் நன்றாகப் படிந்திருக்கிறதா என்று அப்பா பார்த்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். எஞ்சினை ஓட்டாமலே லிவரை இரண்டு பக்கமும் ஆட்டச் சொன்னார். குழாயின் நட்டு மேல் டிஷர்ட்டைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்பேனரால் துளி திருகினார். உஸ்ஸென்று சத்தம், வெள்ளைத் துணி கறுத்தது. நட்டை மறுபடி இறுக்கிவிட்டுக் குழாயை மருமகன் கையில் கொடுத்தார். அது சமர்த்தாக உள்ளே போனது.

"இவ்வளவுதானுங்களா மாமா?"

"இவ்வளவுதான். இன்னொண்ணையும் இப்படியே மாட்டோணும். ஈரம் காயுது."

அன்று முழுக்க அப்பா வரப்பில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். கலப்பையை எங்கே தூக்குவது, எங்கே திருப்புவது என்று ஆரம்பித்து, ஷூ போட்டுக்கொண்டு காட்டுக்கு வருவதுவரை ஒன்றையும் விடவில்லை. கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தார் போல. பொழுது சாய்வதற்குள் விதைத்து முடித்தோம்.

மண்ணரைக்குத் திரும்பும்போது அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு என் கணவர் வண்டி ஓட்டினார். அடுத்த ஞாயிறு இவர் வரப்போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, கோபமா என்று கேட்டேன்.

"எனக்கு அஞ்சு வயசுல எங்கப்பா போயிட்டாரு. அடிச்சுத் திட்டறதுக்கு இத்தன நாளா ஆளே இல்ல புள்ள" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர்தான் என்னை எழுப்பினார்.