நெய் மணத்த செயின்

எங்கள் வீட்டில் பைக் ஓட்டுவது அம்மா. அப்பா பின்னால் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொள்வார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எத்தனையோ விசித்திரங்களைப் பார்த்துச் சலித்த திருவண்ணாமலை ஜனம், எங்கள் வண்டியை மட்டும் நின்று பார்க்கும். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், என் அழகைத்தான் பார்க்கிறார்கள் என்று நம்பி பெட்ரோல் டேங்க் மேல் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவேன்.

அம்மா கீழ்பென்னாத்தூரில் தையல் டீச்சர். தினமும் அந்த வண்டியில்தான் போய்வந்தாள். அவளுடைய தம்பி, அதாவது என் மாமா, அதே கம்பெனி வண்டியை அதே நாளில் வாங்கியவர். அவர் வண்டிக்கு இரண்டு முறை செயின் மாற்றியாகிவிட்டது. அம்மாவுடையதில் வாங்கும்போது வந்த செயினே ஓடிக்கொண்டிருந்தது. காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பாள். துணியால் ஒற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவாள். கடைசியில் அந்த எண்ணெயையே துடைத்தும் விடுவாள். ஊற்றியதை ஏன் துடைக்கிறாய் என்று கேட்டால், "உள்ள போனது செயினுக்கு, வெளிய நிக்கறது மண்ணுக்குடா" என்பாள்.

மாமாவுக்கு இந்தப் பெருமை பொறுக்கவில்லை.

"கியர் வண்டியெல்லாம் உனக்கு எதுக்குக்கா? ஒருநாள் நடுரோட்ல நிக்கப்போற பாரு."

"நின்னா பார்த்துக்கலாம் போடா."

"பந்தயம் கட்றியா? காணும் பொங்கலுக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போறோமில்ல? அதுக்குள்ள செயினால வண்டி நின்னுச்சுன்னா, வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிடணும்."

"நிக்கலன்னா ஞாயித்துக்கெழமைல ரெண்டு வண்டியும் நீதான் தொடைக்கணும்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அம்மா கியர் மாற்றி ஓட்டிவந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும் ஒரே பையன் நான்தான். படிப்பில் ஒன்றும் கிழிக்காத எனக்கு அங்கே இருந்த மரியாதை முழுக்க அந்த வண்டியால் வந்தது.

காணும் பொங்கல் காலை. அம்மா குளிக்கப் போனதும் அப்பா பூஜை அறையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். மலைமேல் எரிந்த தீபத்தின் மை. ஆருத்ரா தரிசனம் முடிந்து கோயிலில் கொடுத்த பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொண்டால் ஒரு கெடுதலும் அண்டாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதில் ஒரு கரண்டி நெய்யை விட்டுக் குழைத்து, செயின் முழுக்கப் பூச ஆரம்பித்தார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் அவர். நான் சக்கரத்தைச் சுற்றிக்கொடுத்தேன். எங்கள் இருவருடைய மெக்கானிக் ஞானத்தையும் சேர்த்தாலும் அந்தக் கரண்டி நிறையாது.

"தெனமும் அவ்ளோ தூரம் லாரிக்கு நடுவுல போவுது. அண்ணாமலையார் பார்த்துக்கட்டும்" என்று முணுமுணுத்தவர், "அம்மாகிட்ட சொல்லாதடா" என்றார். கறுப்பின்மேல் கறுப்பு. அம்மா கவனிக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஓர் ஊரில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். மாமாவின் வண்டி அதன்மேல் ஏறிப் போய்விட்டது. நாங்கள் ஏறியதும், நெய்யில் ஊறியிருந்த செயின் பாதிக் களத்தையும் வாரிக்கொண்டது. கறமுறவென்று ஒரு சத்தம். செயின் கழன்று தொங்க, வண்டி நின்றது.

மாமா திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு தீபாவளி. "இன்னாக்கா, ஸ்கூட்டர் இன்னா கலர்ல வேணும்?"

அம்மா குனிந்து செயினில் சிக்கிய செடியைப் பிய்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா, அங்கிருந்து சரியாகத் தெரியாத மலையைத் தேடி ஒரு கும்பிடு போட்டார்.

"நின்னது செயினால இல்லடா, என்னால. எண்ணெய் தீர்ந்துபோச்சு, அவசரத்துக்கு நெய்யத் தடவிட்டேன்."

"நெய்யா! நீயாக்கா?"

"நான்தான். செயின்ல குத்தம் இருக்கான்னு நீயே பாரு."

துடைத்து மாட்டிய செயினை, பின்சக்கரத்துப் பல்லிலிருந்து மாமா இழுத்துப் பார்த்தார். தேய்ந்த செயின் என்றால் பல்லைவிட்டு எழும்பும்; இது இம்மியும் எழும்பவில்லை. போய்த் தன் வண்டியில் இழுத்தார். அது பாதிப் பல் தெரியும் அளவுக்கு எழும்பி வந்தது. மாமா கையைத் துடைத்துக்கொண்டு தன் வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி எங்களுக்கே என்று ரோட்டிலேயே ஒரு குத்தாட்டம் போட்டேன்.

ஆனால் கோயிலில் மாமா வட்டியோடு தீர்த்துக்கொண்டார். "செயினுக்கு நெய் ஊத்துன மகராசி" என்று பொங்கல் பானையைச் சுற்றி நின்ற சொந்தமெல்லாம் சிரித்தது. அம்மாவும் கூடவே சிரித்தாள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"அப்பாதான் பண்ணாருன்னு சொல்லவேண்டியதுதானே? நீ ஏம்மா பேச்சு வாங்குற?"

அம்மா தூரத்தில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். "உங்கப்பா எதுக்குடா அதப் பண்ணாரு?"

"ஆயுசு ஜாஸ்தியாவணும்னு."

"எதுக்கு? செயினுக்கா?" என்றவளுக்கு என்னவோ கண்கூடக் கலங்கியிருந்தது.

இவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிற அம்மாவுக்கு இதுகூட விளங்கவில்லையே என்று பாவமாக இருந்தது. "செயினுக்குத்தாம்மா, நான் பக்கத்துலயே இருந்தேன்" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.