ஜன்னலுக்கு மேல் எஞ்சிய காம்பு

திருவொற்றியூரில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னலின் சிமென்ட் மறைப்புக்கடியில் அந்தக் குளவி கூடு கட்டத் தொடங்கியபோது என் அண்ணிக்கு நான்காம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. குளவி கூடு கட்டினால் பிள்ளை நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"அது மண்ணுல கட்ற குளவிக்குச் சொல்றது, அண்ணி. இது வேற இனம்."

"வந்துட்டாங்க வாத்தியாரம்மா! வூடு தேடி வந்து கீது, அத்தாண்ட சர்டிபிகேட் கேப்பியா?"

நான் விலங்கியல் படித்தவள். தினமும் அதைக் கவனித்தேன். பெயின்ட் உதிர்ந்த ஜன்னல் சட்டத்தை அது சுரண்டும்; மென்று கூழாக்கிக்கொண்டு போகும். முதலில் மெல்லிய காம்பு, அதன் நுனியில் சாம்பல்நிறக் காகித அறைகள். சுவர் பாதி எழும்பியதுமே வயிற்றை உள்ளே விட்டு, அறைக்கு ஒன்றாக வெள்ளை முட்டையை ஒட்டிவிடும். வெளியே புறப்படுமுன் வயிற்றைக் காம்பில் தேய்க்கும். துணைக்கு வேறு குளவி இல்லை; எல்லாம் அது ஒன்றேதான்.

முன்பொருமுறை குளவி கொட்டி அண்ணிக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. இப்போது கொட்டினால் இரண்டு உயிர். கூட்டை எறியவும் மனமில்லை, விட்டுவைக்கவும் துணிவில்லை. இரண்டுக்கும் பொதுவான வழி என்று நம்பி, ஒரு முற்பகல் குளவி வெளியே போயிருந்தபோது காம்பைப் பிளேடால் அறுத்து, கூட்டை நூலில் கட்டி, எட்டடி தள்ளி வராந்தாக் கம்பியில் தொங்கவிட்டேன்.

மதியத்துக்குள் நூல்வழியே எறும்புகள் இறங்கிவிட்டன. அறைகள் காலியாக இருந்தன. எறும்பு அண்டாமலிருக்கக் குளவி தேய்த்துவைத்த பூச்சு முழுவதும் பழைய காம்போடு நின்றுவிட்டது. படித்த எனக்கு அது தோன்றவேயில்லை.

அண்ணி வந்து பார்த்தாள். "உன்ன யாரு தொடச் சொன்னா?"

"உன்ன கொட்டிட்டா இன்னா பண்றதுன்னுதான் அண்ணி..."

அவள் காலி அறைகளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அந்தப் பிள்ளையும் போயிற்று. கருப்பை வாய் பலவீனம், முந்தைய இரண்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சரிதான். ஆனாலும் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் என் கண் முதலில் மேலே போகிறது.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அண்ணி ஜன்னலருகே வெகுநேரம் நின்றாள். அரை விரல்கடை நீளத்தில் அந்தக் காம்பு அங்கேயே இருந்தது.

"அன்னிக்கி அது திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி."

"எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"கொஞ்ச நேரந்தான். அப்பறம் பறந்து போய்டுச்சு."

நான் சொன்னது பொய். அன்று பொழுது சாயும்வரை அது வெறும் காம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அதன் நுனியைப் பற்றித் தொங்கியபடி, இல்லாத அறை ஒவ்வொன்றிலும் தலையை விட்டுப் பார்ப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அதை முழுவதும் பார்த்தவள் நான் ஒருத்திதான்.