இல்லாத மருந்துச் சீட்டு

அடையாறில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடித் தாழ்வாரம். இதய மருத்துவர் என்னை நிறுத்தி, என் கணவருக்கு வலி ஆரம்பித்து எவ்வளவு நேரம் கழித்து முதல் மருந்து உள்ளே போனது என்று கேட்டார். முக்கால் மணி நேரம் என்றேன். அதில் பதினெட்டு நிமிடம் என்னால் போனது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகன் முகுந்தன் அரசு மருத்துவன். கலந்தாய்வில் இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, டெல்டாவில் எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம் காலியாக இருந்தது. சாமியே கூப்பிடுகிறது என்று நான்தான் அதை எடுக்க வைத்தேன். இரண்டு வருடத்தில் அந்தப் பக்தி தேய்ந்துவிட்டது. ஜாதகம் பொருந்தினாலும், பையன் வேலை பார்க்கும் ஊரின் பெயரைக் கேட்டதும் பெண் வீட்டார் பேச்சை மாற்றினார்கள்.

அவனை எங்கள் வீடு இருக்கும் மயிலாப்பூருக்கு இழுத்து வந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அதிகாரம் செய்தவள் நான். எடுத்த காரியத்தை விட மாட்டேன். தந்தை இதய நோயாளி, கவனித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று மனு எழுதினேன். என் கணவருக்கு அப்போது லேசான ரத்த அழுத்தம், அவ்வளவுதான். எங்கள் தெருவைச் சுற்றி மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் தெரிந்தவர் ஒருவர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

முகுந்தன் மனுவை இரண்டு முறை படித்தான்.

"எனக்குப் பதிலா அங்க யாரையும் போட மாட்டாம்மா."

"அது கவர்மெண்டோட கவலை" என்றேன். கையெழுத்துப் போட்டான்.

மாற்றல் கிடைத்தால் அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்தது. அவன் சென்னைக்கு வந்த மூன்றாம் மாதம், நானும் கணவரும் அந்த வேண்டுதலை நிறைவேற்ற அதே ஊருக்குப் போனோம்.

தீபாராதனை முடிந்த கையோடு அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். இடது தாடை வலிக்கிறது என்றார். முதுகெல்லாம் வியர்வை. வெறும் வயிற்றில் நின்றதால் பித்தமாக இருக்கும் என்றார் குருக்கள். நானும் அதை நம்பி, மோர் கிடைக்குமா என்று அலைந்தேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மாரடைப்பு நெஞ்சில்தான் வலிக்க வேண்டும் என்பதில்லை. தாடை, தோள், மேல்வயிறு, எங்கு வேண்டுமானாலும் வலிக்கலாம். மோர் தேடாதீர்கள்.

சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் போனோம். வராந்தாவில் கைக்குழந்தைகளோடும் இருமலோடும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. உள்ளே செவிலியர் செல்வி மட்டும் இருந்தார். புது மருத்துவர் யாரும் வரவில்லை. இன்சார்ஜ் டாக்டர் (தன்னுடைய நிலையத்தோடு இதையும் சேர்த்துக் கவனிப்பவர்) அன்று தன்னுடைய இடத்தில் இருந்தார். செல்வி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஈசிஜி (இதயத் துடிப்பின் மின்பதிவு) எடுத்து, அதைப் படம் பிடித்து அந்த டாக்டருக்கு அனுப்பினார். போன் வந்தது. மாரடைப்புதான்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு செல்வி என்னிடம் திரும்பினார்.

"நம்ம டாக்டரோட அப்பாதானுங்களே? இவுங்களுக்கு ஹார்ட்டு வியாதின்னுதானே டாக்டர் மாத்திக்கிட்டுப் போனாரு. ரத்தம் இளகுறதுக்கு மாத்திரை சாப்புடுறாங்களாம்மா? அளவு தெரியாம குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க. சீட்டு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இல்லை என்றால் மனு பொய் என்று ஆகும். பையன் வேலைக்கு ஆபத்து. அந்த ஒன்றுதான் மண்டையில் ஓடியது. பைக்குள் கையை விட்டுத் தேடினேன். விபூதிப் பொட்டலம், தேங்காய் மூடி, ஈர வேட்டி. மறுபடி தேடினேன். சீட்டு மெட்ராஸிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது என்றேன். மாத்திரையின் பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்று செல்வி கேட்டார். சிறிய வெள்ளை மாத்திரை என்றேன். பொய் சொல்ல நல்ல வாய் எனக்கு. செல்வி கொடுக்க வேண்டிய மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கட்டிலில் என் கணவர் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், உண்மை தெரிந்தவர். பேச அவருக்கு மூச்சு இல்லை.

முகுந்தனை விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன். புறநோயாளிகள் பிரிவில் இருந்தான், எடுக்கவில்லை. திரும்ப அழைத்தபோது நான் அழுத அழுகையில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், அப்பாவுக்கு ஹார்ட் பிராப்ளம் எதுவும் கிடையாது. எந்த மாத்திரையும் சாப்பிடறதில்லை. அந்த மனு பொய். உடனே குடுங்கோ."

எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு மூச்சில் சொன்னான். எனக்கு வராத வார்த்தை அவனுக்குத் தயங்காமல் வந்தது. செல்வி மாத்திரைகளை என் கணவர் வாயில் போட்டார். அப்போது மணி பார்த்தேன், சீட்டு கேட்டதிலிருந்து பதினெட்டு நிமிடம். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் சென்னை. ஆஞ்சியோ (இதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் சோதனை), பிறகு ஸ்டென்ட் (அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்). பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது திரும்ப வராது என்றார் மருத்துவர். அங்கேயே ஒரு மருத்துவர் இருந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டேன். சீக்கிரம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

முகுந்தன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செல்வியும் யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது தினமும் காலையில் அவரை நடக்க அழைத்துப் போகிறேன். முன்பு எட்டு நிமிடத்தில் போன குளக்கரைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. ஐந்தாறு இடங்களில் நின்று மூச்சு வாங்குகிறார். நிற்கும் இடமெல்லாம் ஏதாவதொரு டாக்டர் வீட்டு வாசல். தோல், காது, எலும்பு, குழந்தை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுகிறேன். நிமிடம் என்பது இவ்வளவு நீளமானது என்று அறுபத்தொரு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் ஒரு வாசலில் நின்றபோது கேட்டார்.

"அங்க இப்ப யாரு இருக்கா?"

முந்தின நாள்தான் செல்வியிடம் பேசியிருந்தேன்.

"இன்னும் யாரும் வரலையாம்."

நாடியை எண்ணி முடித்தேன். சீராக இருந்தது. மூச்சும் அடங்கியிருந்தது. போகலாமா என்று கேட்டேன். டாக்டரின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.